சட்டாம்பிள்ளையும் அண்ணனும்

1982. எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு தொடங்கிய வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மொத்தம் இரண்டு வாத்தியார்கள்: பெரிய சார், சின்ன சார். பெரிய சாருக்கு யூனியன் ஆபீஸில் வாரத்துக்கு ஒரு வேலையாவது இருக்கும். சின்ன சார் ஏழு மைல் சைக்கிள் மிதித்து வர வேண்டும். மழைக்காலத்தில் அவர் வருவது ஆற்றுத் தண்ணீரின் தயவு. இரண்டு பேரும் இல்லாத நேரங்களில் பள்ளிக்கூடத்தை நடத்தியது நான். லீடர்.

கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, உச்சியில் 'பேசியவர்கள்' என்று எழுதுவேன். பேசினால் பெயர் விழும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சார் வந்ததும் எத்தனை பெருக்கல் குறியோ அத்தனை அடி. அழிக்கிற டஸ்டரும் என் கையில்தான் இருந்தது என்பதால் அழிப்பதற்கு ஒரு விலையும் இருந்தது. தேன் மிட்டாய் ஒன்றுக்கு ஒரு பெருக்கல் குறி போகும். கடலை உருண்டை என்றால் பெயரே போய்விடும். அந்த வருஷம் நான் கைக்காசு கொடுத்து மிட்டாய் வாங்கியதாக ஞாபகமே இல்லை.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து ஒற்றை விரலைக் காட்டினான். "அக்கா, ஒண்ணுக்கு." நான் மேசைக்குப் பக்கத்தில் சார் மாதிரியே நின்றுகொண்டிருந்தேன். "சார் வரட்டும், கைய கட்டிட்டு உக்காரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தான். பெயரை எழுதினேன். மூன்றாவது தடவை அவன் எழவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தரையில் ஈரம் ஓடி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாசலை ஒட்டித்தான் உட்காருவான். என்னிடம் எதற்கும் அனுமதி கேட்கவில்லை. அவசரம் வந்தால் எழுந்து ஓடிவிடுவான். அவன் ஓடிய ஒவ்வொரு தடவையும் நான் பெயர் எழுதினேன்.

இன்றைக்கு நானே ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை. திருவாரூர்ப் பக்கம், வயலுக்கு நடுவில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வகுப்பு என்னவோ ஐந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நானும் என்னுடன் வேலை பார்க்கும் டீச்சரும் முழு மூச்சாக நின்றாலும் எந்த நேரமும் மூன்று வகுப்புகள் ஆசிரியர் முகம் பார்க்காமல்தான் இருக்கும். ஒருவர் குறுவள மையத்தில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் நான்கு. ஆக, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்களைப் போன்ற பள்ளிகளில் புதுமையும் இல்லை, திட்டமும் இல்லை. அடுப்பில் ஒரே நேரத்தில் மூன்று பாத்திரம் வைத்தவளுக்கு மூத்த மகள் கை கொடுக்கிற மாதிரிதான். நகரத்துத் தனியார் பள்ளிகளில் இதற்கு ஆங்கிலத்தில் பேர் வைத்து, பேட்ஜ் குத்தி, போட்டோ எடுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும்.

இப்படி ஒரு பெரிய பிள்ளைக்கு நம் மொழியில் பழைய பெயர் ஒன்று உண்டு: சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி அவன்தான். சின்னதுகளுக்கு மணலில் அகரம் எழுதக் கைபிடித்துவிடுவது, எண்சுவடி வாய்ப்பாடு முறைவைத்துச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது, வராதவனை வீட்டுக்குப் போய் இழுத்துவருவது எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் இன்றைக்குத் தமிழில் அந்தச் சொல் எப்படி வழங்குகிறது? "ரொம்பச் சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே" என்கிறோம். கைபிடித்து எழுத வைத்தது மறந்துபோய் அதட்டியது மட்டும் சொல்லில் நின்றுவிட்டது. அவனிடம் பயின்ற பிள்ளைகள் பல தலைமுறைகளாகச் சேர்ந்து எழுதிய தீர்ப்பு என்றுதான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறை கப்பல் ஏறிய கதையை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு வரியில் படித்திருந்தேன். பின்னால் தேடிப் படித்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பையன்களுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் கண்காணிப்பு 1789-இல் அவரிடம் வந்தது. அங்கிருந்த உதவி ஆசிரியர்களை அவருக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்திருக்கிறார். மலபார் என்றதும் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் தமிழரையும் தமிழையும் அப்படித்தான் சொன்னார்கள். திரும்பி வந்து, நம் பள்ளியிலும் எழுத்து வகுப்புக்கு மணல் பரப்பிச் சொல்லிக்கொடுங்கள் என்றார். உதவி ஆசிரியர் ஆகாது என்றுவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையனுக்கு வயது 8. பெரியவருக்கு ஆகாதது அவனுக்கு ஆனது.

எட்டு வயது என்றால் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதைப் படித்தபோது எங்கள் மூன்றாம் வகுப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். ஒருவன் பக்கத்தில் இருந்தவளின் ரிப்பனை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான்.

பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பள்ளி ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரே பெரிய கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் யார் முதலில் கண்டுபிடித்தது என்ற சண்டை வேறு. திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் வாத்தியாரை யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடவில்லை. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்து தொடங்கப்பட்ட கல்விச் சங்கம் பெல்லின் வழியை எடுத்துக்கொள்ள, 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல்லின் பணத்தில் 1833-இல் திறந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

1823-இல் பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றிக் குறை நிறையவே எழுதினார். ஆனால் தேறிய மாணவர் தேறாதவருக்குச் சொல்லிக்கொடுத்து அதன் மூலம் தம் படிப்பையும் உறுதியாக்கிக்கொள்ளும் வழக்கம் பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை. அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். கோதண்டமும் தெரியும்: உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிள்ளையைத் தொங்கவிடுகிற தண்டனை. வேடிக்கை என்னவென்றால் லங்காஸ்டர் பள்ளியிலும் தப்புச் செய்த பிள்ளையைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்; கழுத்தில் மரக்கட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை மேல் அதிகாரம் கொடுத்த இடமெல்லாம் கயிறும் கூடவே வந்துவிடுகிறது போல. என்னுடைய கயிறு கரும்பலகையின் வலது ஓரம்.

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் இந்த முறை எங்கள் பள்ளிக்கு இன்னொரு உருவில் வந்தது 2007-இல். செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. சுவரோரம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேலே படம் மாட்டக் கம்பிப் பந்தல், பாடத்தைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் அட்டை, அட்டையில் படச்சின்னம். ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே பாயில். எந்தச் சின்னம் உள்ள அட்டை வருகிறதோ அதற்கேற்ற குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் உதவியுடன் ஒரு குழு, சக மாணவர் உதவியுடன் ஒரு குழு, தானே செய்வது ஒரு குழு என்று. அருமையான ஏற்பாடு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பள்ளியில் 'சக மாணவர் உதவி' குழுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவன் எழுதுவான், தெரியாதவன் பார்த்து எழுதுவான். இரண்டு பேருக்கும் ஏணியில் ஒரு படி ஏற்றம். நானும் டிக் அடித்துக்கொண்டே இருந்தேன். உதவி செய் என்று சொன்னேனே தவிர, எப்படி என்று யாருக்கும் நான் காட்டவில்லை. எனக்கே தெரியாது.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவன் ஒரு தச்சுவேலைக்காரரின் மகன்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப்பள்ளிகளை 2021 நவம்பரில்தான் திறந்தார்கள். 2022 ஜூனில் ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்கள், மூன்றாம் வகுப்பு முழுவதையும் நான்காம் வகுப்பில் பாதியையும் பள்ளியில் பார்க்காதவர்கள். அவர்களில் ஒருவன் இவன். படிப்பில் கடைசியிலிருந்து இரண்டாவது. அப்பா வேலைக்குக் கிளம்பினால் ஆணியும் ரம்பமும் எடுத்துக்கொடுக்கக் கூடவே போய்விடுவான். வாரத்தில் இரண்டு நாள் ஆப்சென்ட். அப்பாவைப் போலவே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரிவான். எடுத்துப் பையில் வை என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அன்றைக்கு மற்ற டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தார். முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்த புதுசு. கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கழித்தல் கணக்குடன் வந்து நின்றாள். படிப்பில் முதலாவதாக வரும் மாணவியைக் கூப்பிட்டு, சொல்லிக்கொடு என்றேன். ஐந்து நிமிஷத்தில் சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். "இது கூடத் தெரியலையாங்கறாங்க டீச்சர்." பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தவன் அவன்தான். அவனிடம் தள்ளிவிட்டேன். நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டு பேரும் ஓர் இடத்தில் அமைதியாக இருந்தால் போதும் என்றிருந்தது.

கணக்கு 52-இல் 27 போனால். அவள் விடை 35.

அவன் சிலேட்டை வாங்கிப் பார்த்தான். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. அப்படித்தானே போட்ட?"

"ம்."

"நானும் அப்படித்தான் போடுவேன். போன வருஷம் பூரா அப்படித்தான் போட்டேன். டீச்சர் தப்பு போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏன்னே தெரியல."

நான் முதுகைக் காட்டிக்கொண்டு அரும்புக் குழுவுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

எங்கள் பள்ளியில் எண்ணுவதற்கு ஈர்க்குச்சிக் கட்டுகள் வைத்திருக்கிறோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டது. ஐந்து கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் அவள் முன்னால் வைத்தான். "இதான் அம்பத்திரெண்டு. ஏழு குச்சி எடு பாப்போம்."

"ரெண்டுதானே இருக்கு."

"அப்ப?"

அவள் பேசவில்லை. நானாக இருந்தால் இந்த இடத்தில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கணும்" என்று சொல்லியிருப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையாகக் காத்திருந்தான் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஜன்னலுக்கு வெளியே வேலியில் இருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓணானுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அது அசையாமல் இருந்த நேரத்தில் இவள் ஒரு கட்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ரப்பர் பேண்டை இழுத்தாள். குச்சிகள் சிதறின.

"ஐயையோ, கட்டு போச்சு!"

"போவல. பிரிஞ்சிருக்கு. எண்ணு."

எண்ணினாள். உதிரி பன்னிரண்டு. ஏழை எடுத்தாள், ஐந்து. மீதி இருந்த நான்கு கட்டில் இரண்டை எடுத்தாள், இரண்டு. "இருவத்தஞ்சா?" என்றாள். அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் தொங்கிய பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 25 என்று எழுதினான். அவனுக்கும் அப்போதுதான் உறுதியாயிற்று என்று நினைக்கிறேன்.

பிறகு அவள் கேட்டாள், நான் கற்றுக்கொடுத்த சொல்லை வைத்து: "இதான் கடன் வாங்குறதா அண்ணே?"

"கடன்னா திருப்பிக் குடுக்கணும்ல. இது கடன் இல்ல. கடையில பத்து ரூவாயக் குடுத்து சில்லறை மாத்துற மாதிரி. காசு அதேதான்."

அவன் அப்பாவுக்கு ஆணி வாங்கத் தினமும் கடைக்குப் போகிறவன். சில்லறை மாற்றுவது அவனுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து நானும் கழித்தலில் கடன் என்ற சொல்லை விட்டுவிட்டேன். சில்லறை மாற்றுவதுதான்.

முதல் மாணவியால் முடியாதது இவனால் எப்படி முடிந்தது என்று பல நாள் யோசித்தேன். அவள் கெட்டிக்காரி, நல்ல பிள்ளையும்கூட. ஆனால் தெரியாமல் இருந்தது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும்தான். இவன் போன மாசம்தான் அந்தக் குழியிலிருந்து ஏறி வந்தவன். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது இன்னும் பாதத்தில் இருக்கிறது. அதன் பிறகு யாரை யாரோடு உட்காரவைப்பது என்று நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஒரு கணக்கை நேற்றுக் கற்றவனைத்தான் இன்றைக்கு அந்தக் கணக்குக்கு அனுப்புகிறேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அனுப்புவதில்லை.

அதனால் அவன் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று முடிக்க முடியாது. வகுத்தலில் கடைசி வரைக்கும் தடுமாறினான். ஆனால் ஆப்சென்ட் குறைந்தது. "அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும் டீச்சர்" என்றான் ஒரு திங்கட்கிழமை, மழையில் நனைந்துகொண்டு வந்து நின்று. அவனுக்காக யாராவது காத்திருப்பது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

எல்லாம் இப்படி நடந்துவிடவில்லை. ஒரு ஜோடியில் பெரியவள் சின்னவனின் வீட்டுப்பாடத்தை அவன் கையெழுத்திலேயே மூன்று வாரம் எழுதிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கையெழுத்துத் திறமைக்குத் தனியாகப் பரிசு கொடுத்திருக்கலாம். இன்னொரு ஜோடி இருபது நிமிஷமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்று வரை காரணம் தெரியவில்லை.

ஒருநாள் முதல் மாணவியின் அம்மா வந்தார். நாற்று நடவுக்குப் போகிற வழி, சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றார். "எம்பொண்ண படிக்க அனுப்புறேனா, படிச்சுக் குடுக்க அனுப்புறேனா டீச்சர்? ஒங்களுக்குத்தானே சம்பளம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. பெல், லங்காஸ்டர் முறை அவ்வளவு வேகமாகப் பரவியதே அதில் செலவு குறைவு என்பதால்தான். சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தப் பிள்ளைகள் கிடைத்தார்கள். 1846-இல்தான் இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, ஐந்து வருஷம் பழக்கி ஆசிரியராக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவின் கேள்வி அங்கேயும் யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். அவரிடம் நான் ஒத்துக்கொண்டது இரண்டு விஷயம்: ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அதுவும் அவளுக்குப் பாடம் நடக்காத நேரத்தில் மட்டும். இன்று வரை சுவரில் கடிகாரம் பார்த்துத்தான் எழுப்பிவிடுகிறேன்.

இன்னொரு நாள் ஓர் ஆயா வந்தார். அவருக்கு வேறு கவலை. "அந்தத் தெருப் பய எம்பேத்தி கையப் புடிச்சு எழுத வைக்கிறானாமே?" பள்ளிக்கூடத்தில் தெரு கிடையாது ஆயா என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. ஜோடியை மாற்றவில்லை. அடுத்த இரண்டு நாள் அந்தக் குழந்தை வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. அந்தப் பையன் அதற்கப்புறம் கையைப் பிடிக்காமல் காற்றில் எழுதிக் காட்டத் தொடங்கினான். அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றான். பத்து வயதுப் பையன் 'ஒண்ணுமில்ல' என்று அப்படிச் சொல்லக் கூடாது.

எங்கள் பள்ளியில் இப்போது லீடர் கிடையாது. பேசியவர் பட்டியலும் இல்லை. பெரிய பிள்ளைகள் கையில் சிவப்பு மை கொடுப்பதில்லை. தப்புப் போடுவது என் வேலை. சின்னப் பிள்ளைகள் யாரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு உள்ள பொறுப்பு வீட்டிலேயே பழகியதுதான். தம்பிப் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பம்படிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் புதிதாக என்ன சொல்ல?

ஒன்று மட்டும் நானாகச் செய்தேன். தச்சுவேலைக்காரரிடம் சொல்லி உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு இழைத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. ஓரத்தை மழுக்கி, மேலே துளை போட்டு, கயிறு கோத்தே கொடுத்தார். வாசல் ஆணியில் தொங்குகிறது. ஒண்ணுக்குப் போக வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து மாட்டிவிடலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்னிடமும்கூட. புதிதாக வந்த டீச்சர் ஒருமுறை, "இவ்ளோ சின்னப் பசங்கள கேக்காமலே விடலாமா?" என்றார். விடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

தச்சுவேலைக்காரரின் மகன் 2023-இல் ஐந்தாம் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். சில நாள் சாயங்காலம் சைக்கிளில் போகும்போது பெல் அடித்துவிட்டுப் போவான். நிற்க மாட்டான்.

அவனிடம் கழித்தல் கற்ற சிறுமி 2024-25 கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு. ஒரு பொடியன் 41-இல் 18 போனால் 37 என்று போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவளிடம் அனுப்பினேன். அவள் ஈர்க்குச்சிப் பெட்டியை இழுத்து வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நானும் அப்படித்தான் போடுவேன்" என்று தொடங்கினாள். அப்போதுதான் பார்த்தேன், காதில் பென்சில். அவள் அப்பா கொத்தனாரும் இல்லை, தச்சரும் இல்லை. மினி பஸ் ஓட்டுகிறார்.

"ஏன்டி, காதுல என்னடி பென்சிலு? எடுத்துப் பையில வை."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு இது கூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"கழித்தல் சொல்லிக் குடுக்கறப்ப இப்படித்தான் டீச்சர் வச்சிக்கணும்."